நெவ் ப்ராட்டனின் அதிகாரபூர்வத் தூக்கம்

மனிதனுக்கு இரண்டு கண்கள். விழித்திருக்கும்போது அவை திறந்திருக்கும், தூங்கும்போது மூடியிருக்கும். இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடிக்கக் கனரக வாகன விழிப்புநிலை ஆணையம் ஒரு குழு அமைத்தது. குழு வெளிநாடெல்லாம் சுற்றிவிட்டு வந்தது. கடைசியில், நாட்டிலுள்ள ஒவ்வொரு லாரியிலும் ஓட்டுநரின் முகத்துக்கு நேரே ஒரு கேமரா வைப்பது என்று முடிவாயிற்று. அதற்கு விழிக்காவலன் என்று பெயர். இமைகளுக்கு நடுவே போதிய இடைவெளி இருந்தால் ஓட்டுநர் விழித்திருக்கிறார் என்று அர்த்தம். இடைவெளி குறைந்தால் தூங்குகிறார். உடனே இருக்கை கிடுகிடுவென்று ஆடும். தேன் தடவிய பெண்குரல் ஒன்று, "அன்பான ஓட்டுநரே, நீங்கள் உறங்குகிறீர்கள்" என்று அறிவிக்கும்.

சோதித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்கள் என்று யாரும் பழி சொல்ல முடியாது. தெற்கே கடலோரத் தலைமையகத்தில், குளிரூட்டிய அறையில், திரைச்சீலையை இழுத்துவிட்டு, அலுவலக ஊழியர்களையே உட்கார வைத்துச் சோதித்தார்கள். எல்லாருக்கும் கண் கோழிமுட்டை மாதிரி. கருவி பிரமாதமாக வேலை செய்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் சோதனை நடத்துவதைத் தவிர்த்தார்கள்.

நாட்டின் நடுவே பாலைவனத்தில் கிடக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அப்படிப்பட்ட கண் எவனுக்கு இருக்கிறது? காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில் நேரே முகத்தில் அடிக்கும், மிச்ச வெயில் செம்மண்ணிலிருந்து எகிறி வந்து அடிக்கும். லாரிக்காரர்கள் முன்பாவது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தார்கள். கேமராவுக்குக் கண் தெரிய வேண்டுமே என்று ஆணையம் அதைத் தடை செய்துவிட்டது. கூடவே இன்னொன்றையும் தடை செய்தது. அந்த ஊர் நெடுஞ்சாலையில் எதிரே லாரி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவது வழக்கம். வணக்கம் என்றும் அதற்கு அர்த்தம், நான் முழித்திருக்கிறேன், நீ எப்படி என்றும் அர்த்தம். எதிராளி விரல் தூக்கவில்லையென்றால் ஹாரனை அலறவிட்டு ஓரம் ஒதுங்கிக்கொள்வார்கள். ஸ்டியரிங்கிலிருந்து கை எடுப்பது ஆபத்து, கருவி பார்த்துக்கொள்ளும்போது ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளத் தேவையில்லை என்று ஆணையம் சுற்றறிக்கை விட்டது. லாரிக்காரர்கள் முணுமுணுத்துவிட்டு விரலைக் கீழே இறக்கினார்கள்.

நெவ் ப்ராட்டன் வாலிபத்திலிருந்து அந்தச் சாலையில் லாரி ஓட்டுகிறவர். ஒரு லாரிக்குப் பின்னால் மூன்று பெட்டி கோத்து இழுக்கும் ரோடு டிரெயின். அவர் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கோடுதான் இருக்கும். கல்யாணப் போட்டோவிலேயே தூங்குகிற மாதிரிதான் நிற்கிறார். அவர் மனைவி மெர்ல், "நீ தூங்கும்போதுதான் உன் கண்ணு நீலம்னே தெரியுது" என்று கேலி செய்வாள். அதுவும் நிஜம்தான். படுத்துக் கண் அசந்ததும் இறுகிக் கிடந்த முகம் தளர்ந்து, இமைகள் மெல்லத் திறந்துகொள்ளும். மீன் மாதிரி விழித்துக்கொண்டு குறட்டை விடுவார்.

விழிக்காவலன் பொருத்திய முதல் பயணத்தில், ஆலிஸில் கிளம்பியதிலிருந்து டென்னன்ட் க்ரீக் போய்ச் சேரும்வரை இருக்கை ஆடிய ஆட்டத்தில் அவருக்கு இடுப்பு கழன்றுவிட்டது. திரும்பி வந்தால் விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி உத்தரவு காத்திருந்தது. லைசென்ஸ் போனால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மெர்லுடைய தம்பி க்ளைவ் ஊருக்கு வெளியே சுற்றுலாக்காரர்களுக்கு ஒட்டகச் சவாரி நடத்துகிறான். ஒட்டகத்தின் மூக்குக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆள் வேண்டும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தான். நெவுக்கு ஒட்டகத்தைக் கண்டால் ஆகாது. க்ளைவைக் கண்டால் அதைவிட ஆகாது.

விசாரணை அதிகாரி ஃபெலிசிட்டி க்வின்ட் விமானத்தில் வந்திறங்கினார். பாலைவனத்துக்கென்றே வாங்கிய புது பூட்ஸ். மேஜைமேல் லாவண்டர் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. எதிரில் உட்காருகிறவர்களின் பதற்றத்தை அது தணிக்குமாம்.

"நெவ், நீங்க வழி பூரா தூங்கியிருக்கீங்க" என்றார் அக்கறையோடு.

"தூங்கலங்க. நடுவுல நிறுத்தி டீசல் போட்டேன். கறி அடைச்ச மீட் பை வாங்கித் தின்னேன். பை ஆறிப்போயிருக்குன்னு கடைக்காரிகூட சண்டைகூடப் போட்டேன்."

"தூக்கத்துல நடக்கறவங்க உண்டு. சண்டை போடறவங்களும் உண்டு."

"என் கண்ணே இப்படித்தாங்க. இப்பவே பாருங்களேன்."

ஃபெலிசிட்டி எட்டிப் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த கருவியை நெவ் பக்கம் திருப்பினார். அன்பான ஓட்டுநரே, நீங்கள் உறங்குகிறீர்கள் என்றது அது. ஃபெலிசிட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டு, உறங்கும் நிலையில் அளிக்கப்பட்ட வாக்குமூலம் செல்லாது என்று தெரிவித்தார்.

தண்டனையாக நெவைக் கண்திறப்புப் பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். அப்போது கடலோர நகரங்களில் அதுதான் நாகரிகம். இருட்டறை, மெத்தை, புல்லாங்குழல், கண்மேல் வெள்ளரித்துண்டு. உங்களுக்குள் இருக்கும் கண்ணைத் திறங்கள் என்று ஒருவர் காதோரம் கிசுகிசுத்துக்கொண்டே இருப்பார். நெவ் வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார். ஃபெலிசிட்டி வெள்ளரித்துண்டை எடுத்துவிட்டுக் கருவியை நீட்டினால், அகலத் திறந்த இரண்டு நீலக் கண்கள். குறட்டைச் சத்தத்தை ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி என்று எழுதிக்கொண்டார்கள். நெவ் முதல் வகுப்பில் தேறினார்.

தேறி என்ன பிரயோஜனம்? மறுபடி லாரியில் ஏறினார், மறுபடி தூங்கிவிட்டதாகப் பதிவாயிற்று. இந்தத் தடவை லைசென்ஸ் ரத்து நிச்சயம் என்று ஊரே பேசிக்கொண்டது. க்ளைவ் அவர் அளவுக்கு ஒரு தொப்பிகூட வாங்கி வைத்துவிட்டான்.

அப்போதுதான் டூலி தலையிட்டான். லாரி ஷெட்டில் யார் எந்தச் சரக்கை எங்கே கொண்டுபோவது என்று தீர்மானிக்கிறவன் அவன். ஆள் குள்ளம், மூளை கொஞ்சம் கோணல். இரண்டாவது விசாரணைக்கு நெவுடன் அவனும் போனான்.

"சட்டப்படி டிரைவர் இத்தனை மணி நேரம்னு வண்டியிலயே படுத்துத் தூங்கி ஓய்வெடுக்கணும். சரிதானுங்களே?"

"சரி" என்றார் ஃபெலிசிட்டி.

"எங்காளு அதுக்கு மேலயே தூங்கியிருக்காரு. உங்க கருவியே சாட்சி. அப்ப அவரு அடுத்த லோடு ஏத்தலாமில்ல?"

"ஓட்டிக்கிட்டே தூங்கியிருக்காரே."

"தூக்கக் கலக்கத்துல ஓட்டக்கூடாதுன்னுதாங்க சட்டம். இதுல கலக்கம் எங்க இருக்கு? நல்ல ஆழ்ந்த தூக்கம். இல்ல, கருவி தப்புன்னு சொல்றீங்களா? ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க, நாங்க பாட்டுக்குப் போயிடறோம்."

ஃபெலிசிட்டி லாவண்டர் எண்ணெயை இன்னும் இரண்டு சொட்டு விட்டார். கருவியை மந்திரி தன் கையால் ரிப்பன் வெட்டித் தொடங்கி வைத்திருந்தார். அது தப்பு என்று எழுத யாருக்குக் கை வரும்? ஃபெலிசிட்டி தலைமையகத்தோடு பேசினார். தலைமையகம் அதற்கும் மேலே பேசியது. சாயங்காலத்துக்குள், ஓய்வுடன் கூடிய இயக்கம் என்ற புதிய பிரிவு உருவாக்கப்பட்டு, நெவ் ப்ராட்டன் அதில் நாட்டின் முதல் ஓட்டுநராக அங்கீகரிக்கப்பட்டார்.

ஷெட்டில் கூட்டம் போட்டார்கள். தூங்கிக்கொண்டே ஓட்டினால் நடுவில் நிறுத்தவே வேண்டாம், எத்தனை லோடு வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று டூலி விளக்கினான். சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றான். எல்லாரும் தூக்கினார்கள். நெவ் இரண்டு கையையும் தூக்கினார்.

அன்றிலிருந்து அவருக்கு அடித்தது யோகம். கடலோர நகரங்களில் அவர் முகத்தைப் போட்டு, விழித்திருந்தது போதும் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். கம்பெனி முதலாளிகள் விமானம் பிடித்து வந்து, லாரியின் பக்கத்து இருக்கையில் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, உள்ளம் லேசானதாகப் பேட்டி கொடுத்தார்கள். ஷெட்டில் பெரிய கண் உள்ளவர்களுக்கு மதிப்பே போய்விட்டது. இளவட்டங்கள் கண்ணாடி முன்னால் நின்று கண்ணைச் சுருக்கிப் பழகினார்கள். தெற்கிலிருந்து புதிதாக வந்த ஒருவனை, தீராத விழிப்பு என்று காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். பாவம், அவனுக்குக் கண் அழகாக இருந்தது.

நெவ் சும்மா இருப்பாரா? க்ளைவ் வீட்டு விருந்தில் காலாட்டிக்கொண்டு, "உன் ஒட்டகம் உக்காந்துதான்டா தூங்கும். நான் ஓடிக்கிட்டே தூங்கறவன்" என்றார். க்ளைவ் மூஞ்சி தொங்கிப்போயிற்று. அந்தத் தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஆனால் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே, அது சுற்றறிக்கை படிப்பதில்லை. நெவ் ஒரு லோடை இறக்குவதற்குள் டூலி அடுத்த பெட்டிகளைக் கோத்துவைத்திருப்பான். கொஞ்சம் படுக்கிறேன் என்றால், இப்பத்தானே தூங்கி எழுந்து வந்திருக்கிறாய், இன்னும் தூங்கினால் சோம்பேறித்தனம் என்பான். தூங்கவில்லை, முழித்துக்கொண்டுதான் வந்தேன் என்று சொல்லவும் முடியாது. அது அரசுப் பதிவுக்கு எதிரான பொய் வாக்குமூலம். லைசென்ஸ் போய்விடும்.

"நெவ், உன் மூஞ்சியப் பாரு. பேயறைஞ்ச மாதிரி இருக்கு. ரெண்டு நாள் லீவு போடு" என்றாள் மெர்ல்.

"எதுக்குன்னு போடறது? அளவுக்கு மேல தூங்கினேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"அப்ப செத்தாலும் தூங்கறதா எழுதிக்குவாங்களா?"

"அந்தக் கேமராவுக்கு அதுவும் ஓய்வுதான்டி" என்றார் நெவ். சிரிக்க முயன்றார், வரவில்லை. ஆனாலும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வடக்கே கேத்தரின் ஊரிலிருந்து மாம்பழ லோடு. ஆலிஸ் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பட்டப்பகலில், வயிற்றில் மீட் பை, முகத்தில் வெயில், இடுப்புக்குக் கீழே இருக்கையின் ஆட்டம். அந்த ஆட்டம் அவருக்கு எப்போதோ தாலாட்டாகிவிட்டிருந்தது. முகம் தளர்ந்தது. இமைகள் மெல்லத் திறந்தன. இரண்டு நீலக் கண்கள் விழிக்காவலனை அகல நோக்கின. இருக்கை சட்டென்று நின்றது. "வாழ்த்துகள், அன்பான ஓட்டுநரே. நீங்கள் முழு விழிப்புடன் இருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டுக் கருவி மௌனமாகிவிட்டது.

லாரி சாலையை விட்டு இறங்கியது. க்ளைவின் வேலியை, டிக்கெட் கொட்டகையை, வருக வருக என்ற பலகையை இழுத்துக்கொண்டு போய் மணலில் புதைந்து நின்றது. ஒட்டகங்கள் எந்தக் கருவியின் உதவியும் இல்லாமல் முன்கூட்டியே ஒதுங்கிக்கொண்டன. நெவ் எழுந்து பார்த்தபோது ஜன்னலில் ஒரு ஒட்டகம் மாம்பழம் மென்றபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்றாவது விசாரணை சுருக்கமாக முடிந்தது. இவ்வளவு காலம் இந்த ஓட்டுநர் தூங்கிக்கொண்டே ஓட்டியிருக்கிறார், ஒரு சிறு உரசல்கூட இல்லை. விபத்து நடந்த அந்த ஒரு தருணத்தில்தான் விழித்திருக்கிறார். ஆகவே விபத்துக்குக் காரணம் விழிப்பு. ஃபெலிசிட்டியின் தர்க்கத்தில் ஊசி நுழைய இடமில்லை.

"சத்தியமா அப்பதாங்க தூங்கினேன்" என்றார் நெவ்.

"முதல்ல வந்தப்ப தூங்கலன்னீங்க. இப்ப தூங்கினேங்கறீங்க. ஏதாவது ஒண்ணுல நில்லுங்க நெவ்."

பணி நேரத்தில் அனுமதியின்றி விழித்திருந்த குற்றத்துக்காக லைசென்ஸ் ரத்தாயிற்று. இனி ஓட்டுநர் கண்ணைத் திறந்தால் இருக்கை ஆடும்படி நாடு முழுவதும் கருவிகள் மாற்றியமைக்கப்பட்டன. ஃபெலிசிட்டிக்குப் பதவி உயர்வு வந்தது.

தொப்பி அளவு கச்சிதமாக இருந்தது. க்ளைவ் அதை ஆணியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தான், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நெவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

திட்டத்தின் வெற்றி விழாவை ஆணையம் ஆலிஸிலேயே கொண்டாடியது. விழா முடிந்து அதிகாரிகள் ஒட்டகச் சவாரிக்கு வந்தார்கள். முதல் ஒட்டகத்தில் ஃபெலிசிட்டி, பின்னால் வரிசையாக ஆணையம். நெவ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நெடுஞ்சாலையோரம் நடந்தார். எதிரே, ஊரைப் பார்த்து, ஒரு ரோடு டிரெயின் வந்துகொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் நெவ் ஒரு விரலைத் தூக்கினார்.

அங்கிருந்து பதிலுக்கு எதுவும் அசையவில்லை. வண்டி நெருங்கியது. ஓட்டுநரின் முகம் தெரிந்தது. கண் இருக்கும் இடத்தில் இரண்டு கோடு. வெயிலுக்கு இடுக்கியதா, நிஜமாகவே மூடியதா, தெரியவில்லை. அன்றைக்குக் கூட்டத்தில் இரண்டு கையையும் தூக்கியவருக்கு, இப்போது அங்கே ஒரே ஒரு விரல் தூக்கினால் போதும் என்றிருந்தது.

"எவ்வளவு அமைதியா ஓட்டறாரு பாருங்க" என்றார் ஃபெலிசிட்டி மேலேயிருந்து.

"முழிச்சிருக்கானாங்க, தூங்கறானா?"

"சட்டப்படி கேக்கறீங்களா?"

நெவ் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, ஒட்டகங்களையும் அவற்றின்மேல் இருந்த ஆணையத்தையும் சேர்த்து முட்புதருக்குள் இழுத்தார். லாரி கடந்து போய்ப் புழுதி அடங்கியபோது, அதற்குப் பின்னாலேயே இன்னொன்று வந்துகொண்டிருந்தது.