ஓட்டை அண்ணன் ஒப்படைத்த ஐந்து பேர்

சிங்கப்பூரிலேயே ஓட்டை விழுந்த கீரையைக் கேட்டு வாங்கிய ஒரே மனிதர் ஓட்டை அண்ணன்தான். மற்றவர்கள் ஓர் இலையில் ஓட்டை கண்டால் கீரைக்கட்டையே திருப்பிப் போடுவார்கள். இவர் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி, இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஓட்டை இல்லையென்றால் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த கட்டை எடுப்பார்.

நான் லிட்டில் இந்தியாவில் ஒரு காய்கறிக் கடையில் வேலை பார்க்கிறேன். குப்பைக்குப் போக வேண்டியதை விரும்பி வாங்கிப்போகிறவர்மேல் எங்கள் முதலாளிக்கு ஆரம்பத்தில் கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையோடு முடிந்தது. அன்று கடையில் நல்ல கூட்டம். ஓர் அம்மா தளதளவென்றிருந்த கீரைக்கட்டைக் கையில் எடுத்தார். அண்ணன் அவர் பக்கத்தில் போய், துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்:

"இத புழுவே வேணாம்னு சொல்லிடுச்சும்மா. நீங்க எடுக்குறீங்க."

அந்த அம்மா கட்டை வைத்துவிட்டார். பின்னால் நின்ற மூன்று பேரும் வைத்துவிட்டார்கள். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"அண்ணே, நீங்க என் கடைக்கு ஆளா, புழுவுக்கு ஆளா?"

"புழுவுக்குத்தான் லா. அது தின்னா நம்ம தைரியமா திங்கலாம். அது செத்தா நமக்கு எப்படின்னு யாரு பாத்தா?"

அன்று முதல் அண்ணன் தலை தெரிந்தாலே முதலாளி என்னை முன்னால் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவார். யாரிடமும் எதிர்த்துப் பேச வராதவன் என்பதால் எனக்கு அந்த உத்தியோகம். அதோடு அண்ணன் ஃபேரர் பார்க்கில் நான் இருக்கும் அடுக்குமாடி புளோக்கில், நான் இருக்கும் அதே மாடி. கடையில் தப்பித்தாலும் லிஃப்டில் மாட்டிக்கொள்வேன்.

அவர் வாசலில் மூன்று கறிவேப்பிலைத் தொட்டிகள் இருந்தன. காரிடாரில் கறிவேப்பிலை வைத்தால் அது பாதி ஊருக்குச் சொந்தம், அது எங்கள் புளோக் வழக்கம். தாளிக்க எண்ணெய் வைத்துவிட்டு ஓடிவந்து கிள்ளிக்கொண்டு போவார்கள். அண்ணன் தடுக்கமாட்டார். ஆனால் இலைக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் கிள்ள வேண்டும் என்பது சட்டம். "ஆள் குடியிருக்கு" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார். குடியிருந்தவை வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள். சிறியதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவும் பெரிதானால் பச்சை விரல் போலவும் இருக்கும். எண்ணெய் புகைய, அடுத்த வீட்டுக்காரர் இலை இலையாகப் புரட்டிக்கொண்டு நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வழியில் வண்ணத்துப்பூச்சி ஒன்று குறுக்கே போனால் அண்ணன் நின்று வழி விடுவார். பஸ் போனாலும் போகட்டும். "தஞ்சோங் பகார்ல நான் வேலை பாத்தப்ப சட்டையில வந்து உக்காரும்டா. தட்டிவிட்டுட்டு வேலை பாப்போம். இப்ப ஒண்ணப் பாக்குறதுக்குள்ள பஸ் போயிடுது" என்பார். அங்கே என்ன வேலை என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

போன வருடம் அவருக்குக் கண்ணில் புரை எடுக்க நாள் குறித்தார்கள். முடிந்ததும் ஒரு வாரம் கிளமெண்டியில் மகள் வீட்டில் இருக்க வேண்டும். அதே வாரம் எங்கள் புளோக்கில் கொசுவுக்குப் புகை அடிக்கப்போவதாக லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அண்ணன் ஆடிப்போனார். கண்ணைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அப்போது செடியில் ஐந்து பேர் குடியிருந்தார்கள்.

அந்த ஐந்தையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துப் போட்டு, வாயைத் துணியால் மூடி ரப்பர் பேண்டு போட்டு, கூடவே ஒரு தொட்டியையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். இந்தச் செடியிலிருந்து தினமும் இலை கிள்ளிப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து டப்பாவைப் பார்த்து, "சத்தம் போடாம இருங்க" என்றார். எனக்குச் சொன்னாரா, அவற்றுக்கா, தெரியவில்லை.

அவர் சொல்லாமல் விட்டது அவற்றின் பசியை. மூன்றாம் நாள் சாயங்காலம் செடியில் காம்புதான் மிச்சம். அவர் வாசலில் இருந்த மற்ற இரண்டு தொட்டிகளிலும் கொசுப்புகை பட்டிருந்தது, ஆனாலும் நான் பயப்படவில்லை. காலை முதல் இரவு வரை கறிவேப்பிலைக்கு நடுவில் நிற்கிறவனுக்கு என்ன பயம்? கடையிலேயே அழகான கொத்தாக, ஓர் ஓட்டைகூட இல்லாததாகப் பார்த்துப் பொறுக்கினேன். மூன்று தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றிப் போட்டேன். ராஜ விருந்து வைத்த திருப்தியில் தூங்கினேன்.

காலையில் நான்கு புழுக்கள் சுருண்டு கிடந்தன. ஐந்தாவதைக் காணவில்லை. துணியின் ஓரத்தில் ஒரு சிறு இடைவெளி இருந்தது.

போன் செய்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்கு நாள் அந்த டப்பாவோடு சாப்பிட்டேன், தூங்கினேன். அண்ணன் ஒரு கண்ணில் மூடி ஒட்டிக்கொண்டு வந்து நின்றார். நான் டப்பாவை நீட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இலை எங்க வாங்குன?"

"நம்ம கடையில."

"கழுவுனியா?"

"மூணு தடவை, அண்ணே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "கழுவுனா போயிடும்னுதான் எங்களுக்கும் சொன்னாங்க" என்றார். பிறகுதான் தெரிந்தது, தஞ்சோங் பகாரில் தொடங்கி இருபது வருடம் தோட்டப் பராமரிப்புக் குத்தகைக்காரர் ஒருவரிடம் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு பூச்சிமருந்து அடிக்கிற வேலை அவருக்கு. "நீ நாலு. நான் எத்தனைன்னு எனக்கே தெரியாது. உன்னத் திட்ட எனக்கு வாய் இல்லடா. டீ போடு."

டீ போட எழுந்தவனை, "அசையாத" என்று பிடித்து நிறுத்தினார். கதவுக்குப் பின்னால், பொத்தான் அறுந்ததால் அந்த வாரம் போடாமல் ஆணியில் தொங்கவிட்ட என் கடைச் சட்டையின் பை ஓரத்தில், வாடிய இலைச் சுருள் போல ஒன்று ஒட்டியிருந்தது. ஐந்தாவது ஆள், விருந்துக்கு உட்காராமல் போய்க் கூடு கட்டியிருந்தது. கடைக்கு எனக்கு இரண்டே சட்டைகள். மீதி நாளெல்லாம் ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்து ஈரத்தோடு போனேன். முதலாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு காரணம் கேட்டார். சொன்னேன். கடை இலையில் நான்கு செத்த கதையும் அதில் வந்ததால், இரண்டு நாள் என்னைக் கறிவேப்பிலைப் பக்கமே விடவில்லை.

அது வெளியே வந்த காலையில் அண்ணன் என் அடுப்படி முக்காலியை அந்தச் சட்டைக்கு எதிரில் போட்டு உட்கார்ந்திருந்தார். கறுப்பில் மஞ்சள் புள்ளிகள். சட்டைப் பையில் தொங்கி இறக்கை உலர்ந்ததும், ஜன்னலுக்குப் போகிற வழியில் அவர் தோளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தது. இந்த முறை அவர் தட்டிவிடவில்லை.

இப்போது அவர் கிளமெண்டிக்கே போய்விட்டார். தொட்டிகளும் அட்டையும் என் வாசலில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கமாட்டார். "சட்டை இருக்கா?" என்பார்.

இருக்கிறது, அண்ணே. காலிக்கூடு இன்னும் பை ஓரத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சட்டையை நான் இதுவரை துவைக்கவில்லை.