நோர்பரியில் ஒரு தலைநகரம்

"இனி ஒருத்தரும் குசினிக்குள்ள இருக்கக்கூடாது!"

சமையலறையில் கிடந்த சாப்பாட்டு மேசையை இழுத்துக்கொண்டே குலசேகரம் அறிவித்தார். மனைவி கமலாம்பிகையும் வேலைக்குப் போகும் மகள் மேனுஷாவும் அந்த மேசையில்தான் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்களை என்ன பிடிச்சிருக்கு?" என்றாள் கமலாம்பிகை.

அவரைப் பிடித்திருந்தது ஒரு தீவு நாடு. லண்டனில் நகரத் திட்டமிடும் கம்பனியில் வேலை செய்யும் குலசேகரம் அந்தச் சின்ன நாட்டுக்கு ஒரு திட்டம் போட்டிருந்தார். எல்லாவற்றையும் தலைநகரத்தில் குவிக்காமல் நாடு முழுக்க ஐந்து அடக்கமான சிறுநகரங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை எல்லாம் நடந்து போகும் தூரத்தில். மேலதிகாரி தலைநகரமே போதும் என்றார். "அப்பிடியெண்டால் முதல்ல என்னை வேலையால நிற்பாட்டுங்கோ" என்று குலசேகரம் நெஞ்சை நிமிர்த்திவிட்டார்.

முடிவு சொல்ல வேண்டியவர் அந்த நாட்டிலிருந்து லண்டன் வந்திருந்த அதிகாரி பியற்றிஸ். அவரும் தமிழர்தான்; திட்டத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"சனம் எப்பவும் ஒரு இடத்திலதான் குவியும் அண்ணை. அது மனுசக் குணம். உங்கட வீட்டையே பாருங்கோவன்."

குலசேகரத்துக்குச் சுருக்கென்றது. அத்தனை அறை இருந்தும் அவருடைய நோர்பரி வீட்டில் எல்லோரும் குசினிக்குள்தான் கிடந்தார்கள்.

"சனிக்கிழமை சாப்பிட வாங்கோ. சனம் பரவி இருக்கிறதைக் காட்டுறன்!"

மேசை ஹோலுக்குப் போனது. தாயும் மகளும் குசினியில் நின்றபடியே சாப்பிட்டார்கள். டிவியை மாடிக்கு ஏற்றினார். குசினியில் ஃபோனில் படம் ஓடியது. கேத்திலையும் மிக்சர் டப்பாவையும் ஹோலுக்குக் கடத்தினார். கமலாம்பிகை அசரவில்லை; சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்துப் பிளேன்ரீ போட்டாள். அதைக் குடிக்கப் பக்கத்து வீட்டு ஆனந்தராஜாவும் வந்து சேர்ந்ததில் தலைநகரத்தின் சனத்தொகை இன்னும் கூடிப்போனது.

சனிக்கிழமை பியற்றிஸ் வந்து, கோட்டைக் கழற்றாமலே ஹோலில் உட்கார்ந்தார். குலசேகரம் வரைபடத்தை விரித்தார். இரண்டாவது சிறுநகரத்துக்கு வருமுன் பியற்றிஸ் தேத்தண்ணிக் கோப்பையோடு எழுந்து குசினிக்குப் போய்விட்டார். துரத்திக்கொண்டு போன குலசேகரமும் அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"பாத்தியளே அண்ணை? நீங்களும் வந்திட்டியள்! நான் தலைநகரத்துக்கே கையெழுத்துப் போடுறன்."

"ஏலாது!" குலசேகரத்தின் குரலில் அலுமாரிக் கோப்பைகள் அதிர்ந்தன. வேலை போனாலும் இதை விட்டுக்கொடுப்பதாக இல்லை. "குணமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை! ஒரு இடத்துக்கு எல்லாத்தையும் குடுத்துப்போட்டு, மற்ற இடங்களைப் பட்டினி போட்டவன் ஒருத்தன் எங்கயோ இருக்கிறான். ஆர் அவன்? அவனைக் கண்டுபிடிச்சுப்போட்டுக் கையெழுத்துப் போடுங்கோ!"

மேனுஷா ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"நீங்கள்தான் அப்பா. விண்டர் தொடங்கினதில இருந்து குசினியைத் தவிர எல்லா அறையிலயும் ஹீற்றரை நிற்பாட்டி வச்சிருக்கிறது நீங்கள்தானே!"