அம்பயர் அண்ணன் திருப்பி அனுப்பியவர்கள்

போட்டி நடத்துகிறவர்கள் ஆள் சேர்ப்பார்கள். வந்த ஆளையெல்லாம் துரத்தித் துரத்தியே ஒரு சர்வதேச செஸ் போட்டியை வளர்த்துக் காட்டியவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் ஒரகடத்தில் எங்கள் கம்பெனி மெயின் கேட்டில் செக்யூரிட்டியாக நின்றார். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் அம்பயர் அண்ணன். அப்படிக் கூப்பிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"அம்பயரு கிரிக்கெட்டுக்கு. செஸ்ஸுக்கு ஆர்பிட்டரு. எத்தினி வாட்டிடா சொல்றது?"

"சரிங்க அம்பயர் அண்ணே" என்போம்.

நான் அதே கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நட்டு, போல்ட்டுகளைக் கட்டிக்கொண்டு அழுகிற உத்தியோகம். பத்திரிகைக்கு எழுதுவதெல்லாம் லீவு நாள் வேலை. தங்கியிருப்பது மண்ணூரில் ஒரு ஆண்கள் ஹாஸ்டல். அண்ணனுக்குச் சொந்த ஊர் பிள்ளைப்பாக்கம். கேட்டில் அவர் நின்றால் காற்றுகூட பாஸ் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வரும். ஒருநாள் அவர் மனைவி சாப்பாடு கொண்டுவந்தார். விசிட்டர் பாஸ் இல்லை என்று அவரை உள்ளே விடவில்லை. பிறகு தனக்கே ஒரு அவுட் பாஸ் போட்டுக்கொண்டு வெளியே போய், வேப்பமரத்தடியில் நின்று சாப்பிட்டுவிட்டு வந்தார். அந்த அம்மா திட்டியது கேன்டீன் வரைக்கும் கேட்டது.

தீயணைப்பு ஒத்திகைக்கு வந்த வண்டியையும் அவர் விட்டுவைக்கவில்லை. உள்ளே சைரன் அலறுகிறது, நாங்களெல்லாம் மைதானத்தில் வரிசையாக நிற்கிறோம், வண்டி கேட்டிலேயே நிற்கிறது.

"தண்ணி எவ்ளோ கீதுன்னு எழுதிக் குடு. உள்ள வரசொல்ல எவ்ளோன்னு தெரிஞ்சாதான, போவசொல்ல எவ்ளோ எடுத்துகினு போறேன்னு தெரியும்?"

இது ஒத்திகைதானே என்று வண்டிக்காரர் கெஞ்சினார். அப்படியானால் இதுவும் ஒத்திகைதான் என்று சொல்லிவிட்டார் அண்ணன்.

இப்படிப்பட்டவரை அவருடைய ஏஜென்சி ஒருமுறை சென்னைக்கு அனுப்பியது. நட்சத்திர ஹோட்டல் ஒன்றில், உலகத்தின் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் வந்து ஆடும் செஸ் போட்டி. ஆட்டம் நடக்கும் ஹால் வாசலில் இவருக்கு டூட்டி. போட்டி முடிந்து திரும்பியவரைச் சுற்றி நாங்கள் கூடிவிட்டோம்.

"யாருண்ணே ஜெயிச்சது?"

"எனுக்கு இன்னா தெரியும்? நான் வெளிய பாத்துகினு நின்னேன்."

"அப்புறம் என்னத்தைத்தான் பாத்தீங்க?"

"கதவைப் பாத்தேன்" என்றார். அவர் குரலே மாறிவிட்டது. "உள்ள ஆடறவன் கொஞ்சம் பேருதான். வெளிய ஊரே நிக்குது. கோட்டு போட்டவன், காருல வந்தவன், எல்லாரையும் திருப்பி அனுப்பிகினே கீறோம். அனுப்ப அனுப்ப மறுநாளு கூட்டம் ஜாஸ்தியாவுது. போனைப் புடுங்கிக்கிறோம், காதுல டார்ச் அடிச்சுப் பாக்குறோம், உலக சாம்பியனா இருந்தாலும் கம்முனு நிக்கிறான். அத்தனை பெரிய போட்டி எதுல கீதுன்னு நினைச்ச? அந்தக் கதவுலதான்!"

அடுத்த மாதமே எங்கள் ஹாஸ்டல் மொட்டைமாடி ஷெட்டில் 'ஒரகடம் சர்வதேச எலைட் செஸ்' ஆரம்பமாகிவிட்டது. அண்ணனுக்கு செஸ் தெரியுமா என்று கேட்காதீர்கள். குதிரை எப்படிப் போகும் என்று நான் ஒருமுறை கேட்டேன். "பாஸ் இருந்தா போவும்" என்றார்.

முதல் போட்டிக்கு வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டார். ஷெட்டே தாங்கவில்லை. ஒரு செட்டில் சிப்பாய் ஒன்று தொலைந்துபோக, யாரோ அந்த இடத்தில் ஒரு நட்டை வைத்து ஆடினார்கள். அண்ணன் ஆட்டத்தை நிறுத்தி, அந்த நட்டு எந்த கேட் பாஸில் வெளியே வந்தது என்று என்னை அரைமணி நேரம் விசாரித்தார். அது சைக்கிள் கடை நட்டு என்று நிரூபிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"இது செஸ்ஸா, ரேஷன் கடையா?" என்று அன்று சாயங்காலம் தலையில் அடித்துக்கொண்டார். மறுவருஷம் ஆளைப் பாதியாக்கினார். அதற்கடுத்த வருஷம் அதிலும் பாதி. கடைசியில் எட்டுப் பேரில் வந்து நின்றது. எட்டுக்கு மேல் ஒரு தலை கூடினாலும் அது எலைட் இல்லை என்பது அவர் சட்டம். தகுதிச் சுற்றில் தோற்றவனை மாடிப்படியில் நிற்கக்கூட விடமாட்டார். சேஃப்டி ஷூ கட்டாயம். போன்களுக்கு ஒரு பழைய பிஸ்கட் டப்பா. இருமல் வந்தால் கீழே தெருவுக்குப் போய் இருமிவிட்டு வரவேண்டும். ஒரு ஆட்டக்காரர் தன் ராணி போய்விட்டதே என்று பெருமூச்சு விட்டதற்கு எச்சரிக்கை வாங்கினார்.

சர்வதேசம் எப்படி வந்தது என்கிறீர்களா? எங்கள் குவாலிட்டி பிரிவில் இருந்த கொரியாக்காரர் கிம் சார், வாசலில் குனிந்து வணங்கி, இரண்டு கைகளாலும் போனைக் கொடுத்தார். அண்ணன் சொக்கிப்போனார். "மனுசன்னா இவுருதான்டா. சோதிக்கச் சொல்லிக் காதைக் காட்டுறாரு பாரு!" பிறகு நெடுஞ்சாலை தாபாவில் சமையல் செய்யும் நேபாளக்காரர் ஒருவரும் ஜெயித்து உள்ளே வந்தார். மூன்று நாடு ஆயிற்று. அண்ணன் நடை மாறிவிட்டது.

வளர்ச்சியை அவர் அளந்த விதமே தனி. எத்தனை பேர் ஆடினார்கள் என்று சொல்லமாட்டார். "இந்த வாட்டி போன வாட்டிய வுட டபுளா திருப்பி அனுப்பிச்சோம்!" என்பார். நாளாக ஆக, "நான் அம்பயர் அண்ணனிடம் ரிஜெக்ட் ஆனவன்" என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வதே ஒரு கௌரவமாகிவிட்டது. ரிஜெக்ட் ஆனவர்களெல்லாம் சேர்ந்து தரைத்தளத்தில் தனியாக ஒரு போட்டி நடத்தினார்கள். கூட்டம் அங்கேதான் அதிகம். அதை அண்ணன் தன் பிராஞ்ச் என்று சொல்லிக்கொண்டார்.

எல்லா வருஷமும் தவறாமல் ரிஜெக்ட் ஆனவன் நான். அதனால் எனக்கு ஒரு நிரந்தரப் பதவியே கிடைத்தது. யார் புதிதாக வந்தாலும் முதலில் என்னோடு ஆடவேண்டும். "ஸ்டோரைக் கெலிக்க முடியாதவன் செஸ் ஆடவே லாயக்கில்ல" என்பது விதி. நான் கேட்டுக்கு வெளியே ஒரு கேட்.

அப்படி என்னிடம் வந்தவள்தான் செல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் போன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் லைனில் வேலை, பெண்கள் ஹாஸ்டலில் வாசம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளியே விடுவார்கள். அந்த ஒரு நாளையும் சினிமாவுக்குக் கொடுக்காமல் எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள், செருப்புக் காலோடு.

"ஷூ எங்க?" என்றார் அண்ணன்.

"எங்க கம்பெனியில ஷூவ வெளிய கொண்டுபோக விடமாட்டாவ அண்ணாச்சி. நான் என்ன செய்ய?"

"அது நல்ல ரூலு. ஆனா இங்க ஷூ வேணும்."

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். "அண்ணே, ஒங்க ஷூவ கழட்டுங்க" என்று என்னிடம் கை நீட்டினாள். என் ஷூவைப் போட்டுக்கொண்டு, தொபுக் தொபுக் என்று நடந்து வந்து உட்கார்ந்து, வெறுங்காலோடு எதிரே இருந்த என்னை டீ வருவதற்குள் காலி செய்தாள். தகுதிச் சுற்றில் அடுத்தடுத்து எல்லோரையும் ஜெயித்து, மிச்சமிருந்த எட்டாவது சீட்டைப் பிடித்தாள்.

இங்கேதான் எங்கள் பிளான்ட் ஹெட் கதைக்குள் நுழைகிறார். அவர் இப்போது வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். எனக்கு இதை எழுதத் தைரியம் வந்ததும் அதனால்தான். கல்லூரி நாளில் அவர் செஸ் சாம்பியனாம். கிம் சார் வாய் ஓயாமல் இந்தப் போட்டியைப் புகழ்ந்ததைக் கேட்டு அவருக்கும் ஆசை வந்துவிட்டது. எச்.ஆர். மேனேஜர் கேட்டுக்கே வந்து அண்ணனிடம் பேசினார்.

"ஏ.சி. ஹால், டி-ஷர்ட், கோப்பை, பிரியாணி, எல்லாம் கம்பெனி செலவு. சாருக்கு எட்டுல ஒரு சீட்டு, அவ்வளவுதான். அந்தப் பொண்ணு நம்ம கம்பெனிகூட இல்லையே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"செல்வி ஆடிப் புடிச்ச சீட்டு அது. சாருக்கு வேணும்னா ஞாயித்துக்கெயம வரட்டும். முதல்ல ஸ்டோரு, அப்பால செல்வி. ரெண்டு பேரையும் கெலிச்சா சீட்டு சாருது. ஷூ போட்டுகினு வரச் சொல்லு."

அன்று மதியமே ஏஜென்சி சூப்பர்வைசர் பைக்கில் பறந்து வந்தார். "யோவ், உனக்கு மூளை கீதா? கேட்டை வுட்டே தூக்கிடுவாங்கய்யா."

"தூக்கட்டும். இன்னிக்கி இவுரை வுட்டா நாளைக்கி இவுரு மச்சானை வுடணும். அப்பால அதுக்குப் பேரு போட்டியா, கல்யாண வீடா?"

நான் தனியாகப் போய்க் கெஞ்சினேன். இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவர். வீட்டுப் பக்கத்தில் வேலை, ஓட்டையோ உடைசலோ ஒரு சைக்கிளில் வந்துபோகிற தூரம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ உன் ஆட்டத்தை ஆடு. வுட்டுக்குடுத்தேன்னு வெச்சுக்க, நீ ரிடையர் ஆவுற வரிக்கும் உன் பையைக் கவுத்துக் கொட்டி சோதிப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாஸ்டல் வாசலில் கார் வந்து நின்றது. பின்னால் இன்னொரு வண்டியில் பேனரோடு எச்.ஆர். மேனேஜர். அண்ணன் துவைத்துத் தேய்த்த யூனிஃபாரத்தில் மாடிப்படி அடியில் நின்றார். பிளான்ட் ஹெட்டுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். வைத்த கையாலேயே டப்பாவை நீட்டினார்.

"போனு சார்."

போட்டார். காதில் டார்ச் அடித்தபோது அவர் முகம் சிவந்தது. ஆனாலும் காட்டினார்.

இதுவரை நான் சொன்னதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை, இனியும் இல்லை. மேலே உட்கார்ந்து ஆடத் தொடங்கியதுமே மனிதர் உண்மையிலேயே சாம்பியன் என்று தெரிந்துவிட்டது. என் யானை போயிற்று, ராணி போயிற்று. ராஜா மட்டும் மூலையில் நடுங்கிக்கொண்டு நின்றார். சுவர் ஓரமாக செல்வி இரவல் ஷூவைப் போட்டுக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தாள். அண்ணன் வழக்கம்போல் எங்களுக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து நின்றார். பிளான்ட் ஹெட் கடைசிக் காயை நகர்த்தக் கை நீட்டினார்.

அப்போது அவர் பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது.

அது அவருடைய இரண்டாவது போன். கீழேயிருந்து எச்.ஆர். மேனேஜர்தான் கூப்பிட்டார். எடுத்தவுடன் அவர் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது: "சார், ஜெயிச்சாச்சா? பேனரைக் கட்டிடட்டுமா?"

அண்ணன் மெதுவாகத் திரும்பினார்.

"போன் அடிச்சா ஆட்டம் போச்சு சார். நீங்க கெளம்பலாம்."

"என்னய்யா விளையாடறியா? அடுத்த மூவுல மேட். போர்டைப் பாரு."

"எனுக்கு போர்டு தெரியாது சார். போனு தெரியும்."

"நான் யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். தெனமும் நான்தான உங்களுக்குக் கேட்டைத் தொறக்கிறேன். அது உங்க கேட்டு, நீங்க சொன்னா தொறப்பேன், சாத்துன்னா சாத்துவேன். இது என்னுது."

கிம் சார் எழுந்து, "ரூல் சார், ரூல்" என்று பணிவாகத் தலையை ஆட்டினார். பிளான்ட் ஹெட் இறங்கிப் போனார். எனக்கோ தலைகால் புரியவில்லை. வாழ்நாளில் முதல் வெற்றி! "அண்ணே, அப்ப நான் உள்ள..." என்று ஆரம்பித்தேன்.

"நீயும் வெளிய. கெலிச்சது போனு."

திங்கட்கிழமை கேட்டில் அவர் இல்லை. சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஒரு பழைய குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். லாரி எப்போதாவது வரும், மனிதர் வருவதே இல்லை. திருப்பி அனுப்ப ஆளே இல்லாத இடத்தில் அவரை நிறுத்தியதைவிடப் பெரிய தண்டனை வேறென்ன இருக்கிறது? எங்கள் கேட்டில் புதிதாக வந்தவர் எல்லோருக்கும் சல்யூட் அடித்து உள்ளே விட்டார். என் பையை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. சாப்பாட்டு டப்பாவோடு நேராக ஸ்டோருக்குப் போய் உட்கார்ந்து அழுதேன்.

ஆனால் போட்டி நடந்தது. அடுத்த ஞாயிறு குடோனிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, அதே டப்பா, அதே டார்ச்சோடு வாசலில் நின்றார் அண்ணன். ரிஜெக்ட் ஆனவர்கள் கூட்டம் தெரு முனையைத் தாண்டிப் போயிற்று. பிளான்ட் ஹெட்டையே திருப்பி அனுப்பிய போட்டியாயிற்றே! கடைசி ஆட்டத்தில் கிம் சாரும் செல்வியும் மோதினார்கள். முடிந்ததும் கைதட்டல் கேட்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"யாரு?"

"நாந்தான் அண்ணாச்சி" என்றாள் செல்வி.

"சரி. போனை எடுத்துக்க. டப்பாவக் காலி பண்ணணும்."

சொன்னாரே தவிர, டப்பாவைத் திறக்கவில்லை. வாசலைப் பார்த்தபடி டார்ச்சை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைக்கவேண்டிய கை அது. எங்களுக்கெல்லாம் தெரிந்துதான் இருந்தது.

இப்போது ஹாஸ்டல் சுவரில் மறுபடியும் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. இந்த முறை எட்டு ஆறாகிறதாம், தரம் ஏறுகிறதாம். நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். குடோனுக்கே போய் நேரில் சொன்னேன். வாசலில் நிறுத்தி, "பாஸ் எங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் சிரித்தார்.

என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று உறுதியாக நம்புகிறேன். ஒருவேளை உள்ளே விட்டுவிட்டால், அண்ணனுக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். அதைத் தாங்கும் சக்தி எனக்கு இல்லை.