கல் வியர்த்த வாரம்

என் அலமாரி அந்த ஜன்னலோரத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகராது. காலையில் பல் துலக்கும்போதே முடிவு செய்தேன். வாய் கொப்பளித்ததும் அறிவித்தேன்.

"சரிங்க," என்றாள் மனைவி.

அவள் சண்டை போட்டால் எனக்குப் பயமில்லை. சரி என்றால்தான் பயம். ஆனாலும் அன்று கவனிக்காமல் விட்டேன்.

அலமாரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் துறைமுகக் கிடங்கில் பொறுப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கெங்கிருந்தோ பெட்டிகள் வரும். சிலதை வாங்கிப் போக ஆளே வராது. அப்படிக் கேட்பாரற்றுக் கிடப்பதை ஏலம் விடுவார்கள். மற்றவர்கள் மின்விசிறி எடுப்பார்கள், பாத்திரம் எடுப்பார்கள். நான் யாரும் சீண்டாததை எடுப்பேன்.

மீசைக்காரர்களுக்கான தேநீர்க் கோப்பை ஒன்று. மீசை நனையாமலிருக்க விளிம்பில் சின்னதாக ஒரு பாலம் கட்டியிருக்கும். எனக்கு மீசை கிடையாது. அதனால் என்ன? அடுத்து, வளையும் கல். பார்க்கப் பலகை மாதிரி. இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கினால் நடுவில் தொய்யும். ஒரு ஜோடி செருப்பு, அடிப்பாகத்தை முன்பின்னாக மாற்றித் தைத்தது. போட்டுக்கொண்டு வெளியே போனால், ஆள் உள்ளே வந்தது மாதிரி தடம் விழும். கடத்தல்காரனுக்காகச் செய்தது என்று கிடங்கில் பேசிக்கொண்டார்கள். பிடியும் மூக்கும் ஒரே பக்கத்தில் உள்ள கெண்டி. ஊற்றினால் ஊற்றுகிறவன் கையிலேயே ஊற்றும். எவன் செய்தான், எதற்குச் செய்தான், தெரியாது. அப்புறம் அந்த இரட்டைத் தேங்காய். எங்கோ ஒரு தீவில் மட்டும் காய்ப்பது. அதன் வடிவம் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத் தக்கதல்ல. விருந்தாளி வந்தால் மனைவி அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்திவிடுவாள். போர்த்திய பிறகு இன்னும் மோசமாக இருக்கும்.

இத்தனைக்கும் அரசன் மழைக்கல்.

அழுக்கு மஞ்சள் நிறம். நல்ல பூசணிக்காய் அளவு. கனம் அதிகம் என்பதால் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். ஏதோ பாலைவனத்து உப்புப் பாறையில் வெட்டியெடுத்ததாம். மழை வருவதற்கு முன் அதற்கு வியர்க்கும். முதலில் நிறம் கருக்கும். பிறகு முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். வானொலி பொய் சொல்லும். கல் சொல்லாது.

கீழ்வீட்டில் சலவைக்கடை. கடைக்காரர் தினமும் காலையில் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்ப்பார்.

"ஐயா, கல் என்ன சொல்லுது?"

"காய்ஞ்சிருக்கு."

"அப்ப துணியை மாடிக்கு ஏத்திடறேன்."

அவ்வளவுதான் பேச்சு. ஓய்வு பெற்றபின் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு, நான் சொன்னபடி நடக்கிற மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான். என் வீட்டில் அப்படி யாரும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அவள் கட்சி. அவளுடைய தையல் மிஷின் பின்னறையில் இருந்தது. அந்த அறையில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். போட்டாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. அவள் ஊசியை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவாள், நூல் கோத்துக் கொடுங்கள் என்று. நான் நாலைந்து தடவை குத்திப் பார்த்துவிட்டு, ஊசியில் ஓட்டையே இல்லை என்று திருப்பிக் கொடுப்பேன். முன்னறை ஜன்னலோரத்தில் நல்ல வெளிச்சம். மிஷினை அங்கே போட வேண்டும் என்பது அவள் கோரிக்கை. அங்கே என் அலமாரி இருக்கிறது என்பது என் பதில்.

இது நெடுநாளாக நடந்தது. பிறகு எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தேன். பையைக் காணோம்.

"பை எங்க?"

"திரும்புங்க."

முதுகில் இருந்தது.

"இருட்டுல தைச்சா இப்படித்தாங்க வரும்."

எனக்குக் கோபம் வரவில்லை. முதுகில் பை வைத்த சட்டை! கழற்றி மடித்து, கடத்தல்காரன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் என்னையே சிறிது நேரம் பார்த்தாள். அவள் எதிர்பார்த்தது அதுவல்ல என்று இப்போது தோன்றுகிறது.

அதற்கு மறுநாள்தான் பல் துலக்கும்போது முடிவெடுத்ததும், அவள் சரிங்க என்றதும். சலவைக்காரர் கீழே வந்து நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் பதில் சொல்லுமுன் இவள் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"எதுக்கு இந்தக் கல்லைப் போய்க் கேக்கறீங்க? வெயில் காலத்துல மழை வராதுன்னு நானே சொல்லுவேனே."

"அம்மா, கல் இதுவரைக்கும் தப்பினதில்லம்மா."

"இனிமே தப்பினா?"

"தப்பாது," என்றேன் நான்.

"தப்பினா அலமாரி பரணுக்குப் போகட்டும். தப்பலைன்னா மிஷின் பேச்சையே எடுக்க மாட்டேன். ஒரு வாரம் பாத்துடுவோமா?"

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த காலம். மேகம் என்று ஒன்று வானத்தில் இல்லை. ஒரு வாரம் கல் சும்மா காய்ந்து கிடந்தால் போதும், ஆயுள் முழுக்க வெற்றி. ஆனாலும் நான் கிடங்கில் இருந்தவன். நிபந்தனை இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

"கல்லை நீ தொடக் கூடாது."

"தொடலை."

"தண்ணி தெளிக்கக் கூடாது. ஈரத்துணி போர்த்தக் கூடாது."

"கிட்டவே போகலைங்க. நீங்களே பக்கத்துல உக்காந்து காவல் காத்துக்குங்க. பின்னாடி நான் ஏதோ பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது."

"ஒரு தடவை தப்பினா மன்னிக்கணும். மனுஷனுக்கே தப்பும்."

"சரிங்க. ரெண்டாவது தடவைதான் கணக்கு. இவரே நடுவர்."

சலவைக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பதவி ஏற்கிறாராம்.

காவல் தொடங்கியது. அலமாரிக்கு எதிரே நாற்காலியைப் போட்டேன். தெருவிலிருந்து யாரையாவது விட்டுத் தண்ணீர் அடிக்கச் சொல்வாளோ என்று ஜன்னலை இறுக்கிச் சாத்தினேன். வராந்தாப் பக்கத்துக் கதவையும் சாத்தினேன். இடுக்கில் பழைய துணியைத் திணித்தேன். எலிகூட வர முடியாது.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. கல் காய்ந்து கிடந்தது. நான்தான் வெந்து கிடந்தேன். உட்கார்ந்தே இருந்ததில் கால் இரண்டும் வீங்கிவிட்டன. இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் வந்து குனிந்து பார்த்தாள்.

"என்னங்க, கால் இப்படி இருக்கு?"

"இருந்துட்டுப் போகுது."

"பந்தயம் பந்தயமா இருக்கட்டும். அதுக்காகக் காலைக் கெடுத்துக்குவாங்களா?"

மறுநாள் காலையில் அகலமான ஒரு டப்பில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். உப்புப் போட்டிருந்தாள். காலை விட்டேன். சொர்க்கம். ஆறுமுன் கெட்டிலோடு வந்து மேலும் ஊற்றினாள். மத்தியானமும் ஊற்றினாள். கல் இருக்கும் திசையை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நியாயமானவள். தோற்கப் போகிறவர்களுக்குக் கடைசியில் ஒரு பணிவு வரும், அதுதான் இது என்று எண்ணிக்கொண்டேன். என் மூக்குக் கண்ணாடி மங்கியது. நெகிழ்ந்துபோய்க் கண் கலங்கிவிட்டேன் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன்.

துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், கல் கருத்திருந்தது.

எழுந்து கிட்டே போனேன். முத்து முத்தாக வியர்வை. ஜன்னலைத் திறந்து கத்தினேன்.

"துணியை எடுங்க! மழை வருது!"

சலவைக்காரர் வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாடிக்கு ஓடினார். ஓர் ஆஸ்பத்திரிக்கே விரிக்கிற அளவுக்குப் போர்வைகள். எல்லாவற்றையும் அரைகுறை ஈரத்தோடு வாரிக்கொண்டு இறங்கினார். அன்று மாலை வரை வெயில் அடித்தது. மறுநாளும் அடித்தது.

"எங்கேயோ பெஞ்சிருக்கும்," என்றேன்.

"எங்கேயோ பெய்யற மழைக்கு நான் எதுக்குங்க ஐயா இங்க துணி எடுக்கணும்?"

நியாயமான கேள்வி. எனக்குப் பிடிக்கவில்லை.

"முதல் தடவை. மன்னிச்சாச்சு," என்றாள் மனைவி. குரலில் கேலி துளியும் இல்லை. ஜன்னலை மறுபடி இறுக்கிச் சாத்தினேன். வெந்நீர் வந்தது. இந்த முறை இன்னும் சூடாக.

கடைசி நாள். வாரம் முடிய அரைப் பகல்தான் மிச்சம். டப்பில் கால், கையில் விசிறி, கண் கல்மேல். இமைக்கவில்லை. அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் கண்ணெதிரிலேயே, அது மெல்லக் கருத்தது. வியர்த்தது. ஒரு சொட்டு தட்டில் விழுந்தது. யாரும் தொடவில்லை. யாரும் தெளிக்கவில்லை. அவள் சமையலறையில் எதையோ நறுக்கும் சத்தம் கேட்டது.

நான் முடிவு செய்தேன். இது உண்மை. முதல் தடவை தப்பியிருக்கலாம். இது தப்பாது. பதுங்கி உட்கார்ந்திருக்க நான் கோழையல்ல. குடையை எடுத்தேன். தெருவில் இறங்கினேன். நடுத்தெருவில் விரித்துப் பிடித்து நின்றேன்.

வெயில் சுட்டது. தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"வெயிலுக்கா ஐயா?"

"மழைக்கு."

அவர் அண்ணாந்து பார்த்தார். என் ஈரக் காலைப் பார்த்தார். போகும்போது வேகமாக மிதித்தார்.

சலவைக்காரர் தம் கடை வாசலில் நின்றார். இந்த முறை மாடிக்கு ஓடவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. நான் மழை என்கிறேன், அந்த மனிதர் துணியை எடுக்கவில்லை. நான் நின்றேன். அவரும் நின்றார். என் நிழல் நீண்டு அவர் கடைப்படியில் ஏறியது. ஒரு தூறல், ஒரு துளி, ஒரு குருவி எச்சமாவது விழுந்திருக்கலாம். விழவில்லை.

"ஐயா," என்றார் கடைசியில், மிகவும் மெதுவாக, "அலமாரியை நகத்த ஒத்தாசைக்கு வரட்டுங்களா?"

குடையை மடக்கினேன்.

அவரும் நானும் தூக்கினோம். அலமாரி, கோப்பை, செருப்பு, கெண்டி, வளையும் கல், முதுகுப்பைச் சட்டை எல்லாம் பரணுக்குப் போயின. இரட்டைத் தேங்காயை அவர் இரண்டு கையாலும் வாங்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். மழைக்கல்லை மட்டும் பரணில் ஏற்ற முடியவில்லை, அத்தனை கனம். கீழே இறக்கி, பின்வாசல் திட்டில் கொண்டுபோய்ப் போட்டோம். அவள் ஜெயித்ததைக் கொண்டாடவில்லை. தரையைத் துடைத்தாள். மிஷினை ஜன்னலோரத்தில் போட்டாள். அதன் தலையில் எண்ணெய் விட்டாள். அவ்வளவுதான்.

சில நாள் கழித்து நல்ல மழை பெய்தது. காலையிலேயே கல்லுக்கு வியர்த்ததாம். சலவைக்காரர் பின்வாசல் பக்கமாக வந்து துணி காயப்போடலாமா என்று கேட்டாராம், இவள் வேண்டாம் என்றாளாம். அவருக்கு ஒரு போர்வைகூட நனையவில்லை. அதிலிருந்து தினமும் பின்வாசலில் குரல் கேட்கிறது.

"அம்மா, கல் என்ன சொல்லுது?"

முன்ஜன்னலுக்குக் கீழே யாரும் நிற்பதில்லை. பந்தய வாரத்தில் மட்டும் அது ஏன் தப்பியது? நான் யோசித்துப் பார்த்தேன். கல்லுக்கும் ஒரு கெட்ட நேரம் உண்டு என்று முடிவு செய்தேன்.

நேற்று மாலை கால் கடுத்தது. முன்னறையில் போய் உட்கார்ந்தேன். அவள் மிஷினில் இருந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் கைமேல் விழுந்தது.

"வெந்நீர் கொண்டாயேன். காலை விடணும்."

"சமையலறையில வெச்சுத் தரேன். இங்க வேணாங்க."

"ஏன்?"

"ஆவி பட்டா மிஷின் துருப்பிடிக்கும்."

"பந்தய வாரம் முழுக்க இங்கதானே வெச்ச? அப்ப ஆவி இல்லையா?"

அவள் நூலின் நுனியைக் கடித்தாள். ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒரே முயற்சியில் கோத்தாள். பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"கல்லு துருப்பிடிக்காதுங்க. வேர்க்கும். அவ்வளவுதான்."