பல்செட் காத்த படலம்

வாழ்க பல்லுக்காரர்! மெழுகுருக்கி ஈறு சமைத்தவர் வாழ்க! பொக்கைவாய்ப் புலம்பல் தீர்த்தவர் வாழ்க! அரை ஊரின் சிரிப்பைத் தம் இரு கைகளால் வார்த்தெடுத்த வள்ளல் வாழ்க! காற்றே, அந்த ஜன்னல் கதவை அடிக்காமல் சற்று நில். பல்செட் கட்டும் தொழிலில் இருபத்தாறு ஆண்டு பழுத்த அம்மாவீரர், சோப்புப் பெட்டியளவுப் பேழையொன்றை ஏந்தி, பெயரைக் கேட்டாலே பிள்ளைகள் பாயில் சுருளும் அப்பெருநகரின் நடைபாதையில் நானூறு அடி தூரம் நடந்த வரலாற்றைச் சொல்லப் புகுகின்றோம்.

பல்லுக்காரரின் மனைவிக்கு ஓர் அண்ணன். அந்நகரத்து ரயில் நிலையத்தில் முப்பத்தோராண்டு அறிவிப்பாளராக வீற்றிருந்தவர். ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று வெண்கலக் குரலெடுத்தால் ஓடுகின்ற கூட்டமும் ஒற்றைக் காலில் நின்று கேட்கும். வியாழக்கிழமை அவருக்குப் பணி ஓய்வு. மாலை நான்கு மணி வண்டியே அவர் வாயால் வெளிப்படும் கடைசி வண்டி. அந்தோ, செவ்வாய்க்கிழமை காலையில் அவருடைய பல்செட் கைகழுவும் தொட்டியில் நழுவி விழுந்து மூன்றாகப் பிளந்தது.

“மாஹ்ளே,” என்றார் தொலைபேசியில். “ஹல்லு ஹோச்ஹு.”

முரசு முழங்கிய இடத்தில் வெறும் காற்று வீசியது. கேட்ட பல்லுக்காரரின் கண் கலங்கிற்று. மச்சானின் பழைய அச்சு அலமாரியில் இருந்தது. இரண்டு நாள் உண்ணாமல் உறங்காமல் என்று பாட ஆசைதான். உண்டார், மதியம் கொஞ்சம் உறங்கவும் செய்தார். ஆயினும் வியாழன் விடியலில் முத்தை நாணச் செய்யும் இருபத்தெட்டுப் பற்கள் மேசைமேல் இளித்துக்கொண்டிருந்தன. தபாலில் விட்டால் சனிக்கிழமை போய்ச் சேரும். ஆகவே, தாமே செல்வதென முடிவு செய்தார்.

செய்தி பரவிற்று, ஊர் நடுங்கிற்று.

“அங்கயா போறீங்க?” என்று கத்தரிக்கோலைக் கீழே வைத்தார் முடிதிருத்துபவர். “தங்கப் பல்லு கட்டினவன் அங்க கொட்டாவியே விட மாட்டானாம்.” அவர் அந்நகரின் எல்லையைக் கூடக் கண்டவரல்லர், கடைச் சுவரில் தொங்கும் தொலைக்காட்சிப் பெட்டியே அவருக்கு ஞானக்கண். எதிர்வீட்டு அம்மாளோ, போய்வருபவரைப் பார்ப்பதுபோலன்றிப் போயே விட்டவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இவ்வூரோ அமைதியின் அரியணை என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும் ஊர். அவ்வாண்டில் மட்டும் ஐந்து சைக்கிள்கள், ஒரு தண்ணீர் மோட்டார், நூலகத்தின் மணிக்கூண்டுக் கடிகாரத்தின் பெரிய முள் ஆகியவை மறைந்திருந்தன. எனினும் அவற்றைத் திருட்டு என்று எவரும் சொல்லவில்லை. ‘யாராச்சும் தெரியாம எடுத்திருப்பாங்க’ என்றார்கள்.

“எங்கண்ணன் முப்பது வருஷமா அங்கதான இருக்காரு, அவர யாரு என்ன பண்ணிட்டாங்க?” என்று மனைவி மட்டும் கேட்டார். மெய்யறிவு மிக்க அக்கேள்வி, போர்க்கோலம் பூண்டுகொண்டிருந்த வீரரின் செவியில் ஏறவில்லை. பல்செட் வைத்த பேழையைப் பைக்குள் வைத்துப் பூட்டினார். பையை நாய்ச் சங்கிலியால் இடக்கை மணிக்கட்டோடு பிணைத்துப் பூட்டினார். வலப்பக்கச் சட்டைப்பையில் மிளகுப்பொடிப் பொட்டலம். கழுத்தில் விசில். இங்ஙனம் பிற்பகல் மூன்று இருபதுக்கு அந்நகரத்துப் பேருந்து நிலையத்தில் அவர் வலக்கால் எடுத்து வைத்தார்.

ரயில் நிலையம் எதிரே தெரிந்தது. இடையே கிடந்தது ஒரு தெரு.

ஆஹா, அத்தெரு! இருபுறமும் பயங்கரம். “சார், ஷூ லேஸ் அவுந்திருக்கு” என்று ஒரு பழக்காரி கூவினாள். குனிய வைத்துப் பிடரியில் அடிக்கும் சூழ்ச்சியென உணர்ந்து அவர் குனியாது விரைந்தார். “தண்ணி வேணுமாண்ணே?” என்றான் ஒருவன், மயக்க மருந்தென அறிந்து முகம் திருப்பினார். மூன்று பேர் கேளாமலே ரயில் நிலையத்துக்கு வழி காட்டினார்கள்; கூட்டுச் சதி என்பது உறுதியாயிற்று. விசிலைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டார்.

அப்போதுதான் அவன் வந்தான்.

மலை நடந்தாற்போல் வந்தான். மீசையோ இரு கரும்பாம்பு படுத்த கோலம். முன்னங்கையில் பச்சை குத்திய தேள், அவன் கை அசையுந்தோறும் கொடுக்கை ஆட்டியது. தோளிலோ, துணி சுற்றிய ஆறடி நீள ஆயுதம்! நடைபாதை அங்கே ஒடுங்கிற்று. ஒரு பக்கம் நெருக்கி நிறுத்திய வேன்கள். மறுபக்கம் குழாய் பதிக்கத் தோண்டி, பாதி மூடி, மறந்தேபோன பள்ளம். இருவர் ஒருசேரக் கடக்க வழியில்லை.

பல்லுக்காரர் இடப்புறம் ஒதுங்கினார். அவனும் அதே புறம் ஒதுங்கினான். இவர் வலம் வந்தார். அவனும் வலம் வந்தான். மதயானை இரண்டு மல்லுக்கு நின்றாற்போலவும், கண்ணாடியெதிரில் ஒருவன் தன் நிழலோடு வழக்காடினாற்போலவும், இடமென்றால் இடம், வலமென்றால் வலம், முன்னொரு சாண், பின்னொரு முழம் என அவ்விரு பெருவீரரும் ஏழு சுற்று ஆடிய ஆட்டத்தில் தூசி பறந்தது, வேன்மேல் உறங்கிய பூனை விழித்து இறங்கியது, பழக்காரி தராசை அந்தரத்தில் நிறுத்தினாள். இருவர் நெற்றியிலும் வேர்வை. இருவர் இதழிலும் அசட்டுச் சிரிப்பு. சிரிப்பவன்தான் குத்துவான் என்று முடிதிருத்துபவர் எச்சரித்திருந்தார்!

எட்டாம் சுற்றில் பல்லுக்காரர் தம் வாழ்நாளின் மாபெரும் போர்த்தந்திரத்தைக் கையாண்டார். இடப்புறம் போவதுபோல் பாவனை காட்டி, வலப்புறம் பாய்ந்தார். வலப்புறத்தில் பள்ளத்தை மூடிய கல் இருந்தது. கல் ஆடியது.

வீழ்ந்தார் வீரர்! விசில் வீறிட்டது! இடுப்பளவுக் குழியில், சேறும் செங்கல்லும் சூழ, கணுக்கால் திருகி வீழ்ந்த அந்நொடியிலும், சங்கிலி குலுங்க அப்பையைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்த கை மட்டும் தாழவில்லை. மேலே மீசை முகம் தோன்றிற்று. துணி உரிந்த ஆயுதம் மின்னிக்கொண்டு அவர் மார்பை நோக்கி இறங்கிற்று. கண்ணை மூடிக்கொண்டார்.

“புடிச்சுக்குங்க சார்! நல்லா இறுக்கிப் புடிங்க!”

அது ஜன்னல் திரை மாட்டும் கம்பி. அவன் வீடுவீடாகச் சென்று திரைச்சீலை மாட்டுபவன்.

மேலே வந்தபோது தெருவே கூடியிருந்தது. சலவைக்கடை அக்கா ஒரு துணியைக் கிழித்துக் கணுக்காலில் கட்டினார். பக்கத்துக் காவல் சாவடியிலிருந்து ஏட்டு ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்.

“இந்தத் தெருவுல இந்த மாசம் திருட்டு ஒண்ணு சார். அதுவும் குடை; மறுநாளே திருப்பிக் குடுத்துட்டான். இந்தக் குழியில விழுந்தவங்க பதினேழு. உங்களோட பதினெட்டு,” என்று எழுதிக்கொண்டவர், “எந்த ஊரு?” என்றார்.

பல்லுக்காரர் ஊர்ப்பெயர் உரைத்தார். திரைக்காரன் இரண்டடி பின்வாங்கினான்.

“அய்யய்யோ, அந்த ஊரா! கடிகாரத்துல முள்ளைக்கூட விட மாட்டாங்களாமே! அதான் சார், சங்கிலியும் விசிலுமா நீங்க வர்றதப் பார்த்ததும் எனக்கு உதறிடுச்சு. எந்தப் பக்கம் போனாலும் மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்க!”

“எங்க ஊரா?” என்று சீறினார் பல்லுக்காரர். “எங்க ஊர்ல...” ஐந்து சைக்கிளும் ஒரு மோட்டாரும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் அகக்கண்முன் உருண்டு சென்றன. அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்கப் பொங்கியது. திரைக்காரனும் சிரித்தான், ஏட்டுக்கும் தொற்றிக்கொண்டது.

“மணி என்னாச்சு?” என்று யாரோ கேட்டார்கள். மூன்று நாற்பத்தெட்டு! மச்சான், கடைசி வண்டி, பொக்கைவாய் யாவும் நினைவில் இடித்தன. சொல்லி முடிப்பதற்குள் திரைக்காரன் குனிந்து முதுகைக் காட்டினான். “ஏறுங்க சார்.”

போர்க்களிற்றின்மேல் மன்னன் போல, சற்றுமுன் எமனெனக் கண்டவன் முதுகில் பல்லுக்காரர் புறப்பட்டார். முன்னே ஏட்டு கூட்டம் விலக்கினார். பின்னே சலவைக்கடை அக்கா கம்பியைச் செங்கோலாக ஏந்தி வந்தார். ஓட்டத்தின் நடுவே பல்லுக்காரர் பூட்டுக்குச் சாவி தேடி, சட்டைப்பையில் மிளகுப்பொடியைக் கிளறிவிட, அப்பெரும்படை தும்மிக்கொண்டே நடைமேடைக்குள் நுழைந்தது.

மூன்று ஐம்பத்தேழு. கண்ணாடி அறைக்குள் வாயை மூடி, கையைப் பிசைந்து அமர்ந்திருந்தார் மச்சான். பேழை திறந்தது. மேல் வரிசை ஏறிற்று, கீழ் வரிசை ஏறிற்று, ‘டக்’கென்று ஓரொலி. உதடு குவித்தார், விரித்தார்.

“மாப்ளே,” என்றார். ‘ப்’ என்ற அந்த எழுத்து முழுசாய் வந்து விழுந்ததும் இருவருக்கும் கண்ணில் நீர் நின்றது. ஒலிவாங்கியின் விசையை அழுத்தினார்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு...”

சுமை சுமந்தவர் நின்றார்; ஓடியவர் நின்றார். முப்பத்தோராண்டு முழக்கம் கூரையில் மோதிப் பொழிய, அது அடங்கியதும் எங்கோ ஒருவர் கைதட்டத் தொடங்கினார். பிறகு நிலையமே தட்டியது.

மாலை மங்கும் வேளையில் நொண்டிக்கொண்டு ஊர் திரும்பினார் வீரர். பேருந்து நிறுத்தத்திலேயே ஊர் திரண்டு நின்றது. கட்டுப்போட்ட காலை அது கண்டது. “எத்தன பேரு?” என்றார் முடிதிருத்துபவர்.

“குழி,” என்றார் பல்லுக்காரர்.

“குழி வெட்டியே வெச்சிருந்தானுங்களா!” என்று அலறிற்று கூட்டம். நால்வர் என்றது ஒரு குரல். எழுவர் என்றது இன்னொன்று. தெருமுனை வருவதற்குள் வாளேந்திய பன்னிருவர் ஆயினர். கோபம் பொங்க, இந்நாட்டில் எவ்வூரும் எவ்வூரைப் பற்றியும் இனி வாய்திறவாதபடி, அந்நகரின் பழியை ஒரேயடியாகத் துடைத்தெறியும் பேருரையொன்றை ஆற்றுவதற்காக, அம்மாவீரர் தம் வீட்டு வாசற்படியில் ஏறி, மக்கள் வெள்ளத்தை நோக்கித் திரும்பி, வலக்கையை வானுற உயர்த்தி, நெஞ்சம் நிமிர்த்தி, மூச்சை உள்ளிழுத்து, வாய் திறந்தார்.

கால் ரொம்ப வலித்ததால், உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.