நீலக் கோட்டுக் கம்பளி

"சிவப்புக் கோடு இல்லியா?"

"இல்லம்மா."

"உள்ளுக்குள்ள இருக்கும். பாருங்க."

"உள்ளுக்குள்ளயும் நீலந்தான்."

செபமாலை அன்று காலையிலிருந்து இதே பதிலைப் பதினேழாவது முறையாகச் சொன்னார். பொகவந்தலாவைக் கடைவீதியில் இராமையா முதலாளியின் துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பவர் அவர். வயது நாற்பத்திரண்டு, நின்று நின்று முழங்கால் மட்டும் அறுபதைத் தாண்டியிருந்தது. கேட்டவள் வீரம்மா. தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவு லயத்தின் வரிசை வீடுகளில் அவள் வாங்காத சாமானை வேறு யாரும் வாங்குவதில்லை.

கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்குத் தலையும் முதுகும் மூடிப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கம்பளியின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். என்றைக்கும் அப்படித்தான். இந்த 1955 ஜூன் மாதம் வந்திறங்கிய நாற்பதிலும் நீலக் கோடு. கொழும்புக்கு எழுதிய கடிதத்தில் எண்ணிக்கை, நீளம், அகலம், லொறிக்காரன் பெயர் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிய செபமாலை, கோட்டின் நிறத்தை எழுதவில்லை. அதை எழுத வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்?

முதலாளிக்குத் தோன்றியிருந்தது. கலியாணத்துக்காகத் திருச்சிக்குப் புறப்படும்போது அவர் சொன்னார்: "நான் வர்றதுக்குள்ள நாப்பதும் போயிருக்கணும். இல்லாட்டி என்கூட வர்ற மச்சினன் சோலைமலை கடையைப் பாத்துக்குவான். நீ வேற எடம் பாத்துக்க."

வருவது மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை.

"வீரம்மா, அதே மில்லு, அதே கம்பளிதாம்மா. தொட்டுப் பாரு."

"தொட்டா ஒண்ணாத்தான் இருக்கும். எங்க மாமியா காலத்துல ஒருதரம் நீலக்கோடு வந்துச்சாம். போட்டவங்க எல்லாரும் நனைஞ்சு போனாங்களாம்."

"சிவப்புக்கோடு போட்டவங்க நனையலியா?"

"நனைஞ்சாங்க. அது மழையில நனைஞ்சது."

செபமாலை கண்ணை மூடித் திறந்தார். வாயால் சொல்லிப் பயனில்லை, காட்டிவிடுவதே மேல் என்று முடிவு செய்தார். ஒரு நீலக் கோட்டுக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கடை வாசலில் குந்தினார்.

"ஒரு செம்பு தண்ணி ஊத்து. உள்ள ஒரு சொட்டு எறங்குதா பாப்போம்."

வீரம்மா செம்பைத் தேடவில்லை. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையிலிருந்து வாளியைத் தூக்கி வந்தாள். ஒரு வாளி. பிறகு, யாரும் கேட்காமலே, இன்னொரு வாளி.

கம்பளிக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. கம்பளிக்கு வெளியே இருந்த செபமாலையின் கால், கை, வேட்டி எல்லாம் ஊறிப்போயின. எழுந்தவர் ஐந்து தும்மல் தும்மினார்.

"பாத்தியளா? போட்டு அஞ்சு நிமிசம் ஆகல. அதுக்குள்ள தடிமன் புடிச்சிருச்சு" என்று வீரம்மா வாசலில் கூடியிருந்த பெண்களிடம் சொன்னாள்.

அந்த ஞாயிறு ஒரு கம்பளியும் போகவில்லை.

அடுத்த யோசனை பெரிய கங்காணியின் மனைவி ராசம்மாவைப் பற்றியது. அவள் போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள். நாலு பேர் பார்த்தால் நாற்பது பேர் கேட்பார்கள். தன் கைக்காசைக் கல்லாவில் போட்டுவிட்டு, ஒரு கம்பளியை அவள் வீட்டுக்கே கொண்டுபோய்ச் சும்மா கொடுத்தார். ராசம்மாவுக்கு மிகுந்த சந்தோஷம். அன்று சாயந்தரமே அதைத் தன் சினைமாட்டுக்குப் போர்த்திவிட்டாள்.

மறு ஞாயிறு லயத்துப் பெண்கள் கடை வாசலில் நின்றே சிரித்தார்கள்.

"அண்ணே, மாட்டுக் கம்பளி இன்னும் இருக்கா?"

"முப்பத்தொம்பது இருக்கு" என்றார் செபமாலை. பொய் சொல்லவும் அவருக்குத் தெம்பில்லை.

முதலாளி வர ஒன்பது நாள் இருந்தது. ஹட்டனுக்கு பஸ் ஏறிப்போய் இரண்டு பொட்டலம் சிவப்புச் சாயம் வாங்கி வந்தார். நீலத்தின் மேல் சிவப்பைப் பூசினால் கத்தரிக்காய் நிறம் வந்தது. ஆகவே நீலக் கோட்டைக் கறுப்பு மையால் மறைத்து, கறுப்பில் எடுபடும்படி சாயத்தைக் கெட்டியாகக் குழைத்து, பக்கத்தில் புதிதாகச் சிவப்புக் கோடு இழுத்தார். ஒவ்வொன்றாக முப்பத்தொன்பது. மனைவி பெற்றீசியா கம்பளியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தச் சாயம் நிக்குமா?"

"செவ்வாக்கிழமை வரைக்கும் நின்னாப் போதும்."

"மழை பெய்யாதா?"

செபமாலை அடுத்த கம்பளியை எடுத்து விரித்தார். பொகவந்தலாவையில் இருந்துகொண்டு ஜூன் மாதத்தில் கேட்கிற கேள்வியா அது?

ஞாயிற்றுக்கிழமை வீரம்மா வந்தாள். கம்பளியைத் தொட்டாள், மோந்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இதுதான்! கையில எடுத்தாலே சூடு தெரியுது. இத்தன நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"இப்பதாம்மா வந்துச்சு."

"அந்த மாட்டுக் கம்பளிக்கும் இதுக்கும் எம்புட்டு வித்தியாசம்!"

அன்று பதினொன்று போயின. மிச்சம் இருபத்தெட்டு.

திங்கள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. செபமாலை கடையைத் திறந்து, மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒன்பதரை மணிக்கு மலைப் பாதையில் பெண்கள் கூட்டமாக இறங்கி வருவது தெரிந்தது. கொழுந்து பறிக்கிற நேரத்தில் யாரும் கடைவீதிக்கு வருவதில்லை. கிட்டே வந்ததும் பார்த்தார்: முன்னால் வந்தவர்களுக்கு நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் சிவப்பு. வழிந்த சாயத்தை யாரும் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அப்படியே வந்து அவரிடம் காட்டப்போகிறார்கள்.

பதினொரு பேருக்குத்தானே விற்றோம்? வருகிறவர்கள் முப்பதுக்குக் குறையாது. பின்னால் வந்தவர்கள் கழுத்தில் சிவப்பே இல்லை. சாட்சிக்கு வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகத் தொடங்கினார். மூன்றாவது பலகை பாதியில் இறுகிக்கொண்டது. பத்து மணி பஸ்ஸைப் பிடித்தால் ஹட்டன், அங்கிருந்து ரயில், பிறகு பெற்றீசியாவுக்கு ஒரு கடிதம் எழுதலாம். அதற்குள் வாசல் நிறைந்துவிட்டது.

"அம்மாமாரே, காசைத் திருப்பித் தந்திடுறேன். எல்லாருக்கும் தந்திடுறேன்" என்று பலகை இடுக்கு வழியாகக் கும்பிட்டார்.

பின்வரிசையிலிருந்து பூரணி என்ற இளம்பெண், சிவப்புப் படாத கழுத்தைத் தொட்டுக்கொண்டே, இடித்துப் பிடித்து முன்னுக்கு வந்தாள்.

"காசு யாருக்கு வேணும்ண்ணே? இவுக கழுத்தப் பாத்துத் தொத்து வியாதின்னு பயந்து, தோட்டத்துத் தொரை பதினொரு பேருக்கும் சம்பளத்தோட மூணு நாள் லீவு குடுத்திட்டாரு. மிச்சமிருக்கிற கம்பளியும் இதே மாதிரிச் சாயம் போகுமா?"