திருப்புளியாரின் சபதம்

"இதை நான் சரி பண்ணலேன்னா, இனிமே இந்த வீட்டுல திருப்புளியைக் கையாலயும் தொட மாட்டேன்!"

காலங்காத்தாலே ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று இப்படிச் சபதம் போட்டார் நம்ம ஆள். தெருவில் அவருக்குத் திருப்புளியார் என்றுதான் பெயர். அவர் கழற்றிய மிக்ஸி இன்றுவரை எழுந்திருக்கவில்லை. அவர் பூட்டிய சுவர்க் கடிகாரம் பின்னோக்கி ஓடியது. அது கிடக்கட்டும். இன்றைக்குப் படுத்துக்கொண்டது ஃப்ரிட்ஜின் ஸ்டெபிலைசர். விளக்கு எரியவில்லை, பேச்சு மூச்சே இல்லை.

"தொடவே மாட்டீங்களா? நிஜமா?" என்றாள் மனைவி. அந்தக் குரலில் இருந்த ஆசை அவரைச் சுருக்கென்று குத்தியது. திருப்புளி இல்லாமல் அவர் என்ன ஆம்பிளை?

"நிஜமா."

"முதல்ல பியூஸ் இருக்கான்னு பாருங்க."

"பியூஸ் பாக்கிறதெல்லாம் கத்துக்குட்டி வேலை. நான் நேரா சர்க்யூட்டுக்கே போயிடுவேன்."

"எதுக்கும் புதுசா ஒண்ணு..."

"புதுசா? வாஷிங் மெஷினுக்கு ஒண்ணு வேணும்னு வருஷக்கணக்கா கேக்கறியே, நான் அசைஞ்சேனா?"

"எங்க அசைஞ்சீங்க!" பெருமூச்சு விட்டபடி அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். "சாயங்காலம் வந்துடுவேன். உள்ள மீன் இருக்கு. கெட்டுதுன்னா தெருவே நாறும்."

மீனோடு தன் மானமும் சேர்ந்து நாறும் என்பது அவருக்குத் தெரியும். ஸ்டெபிலைசரின் மூடியைக் கழற்றினார். உள்ளிருந்து ஒரு பல்லி ஓடியது. அதைவிட வேகமாக அவர் ஓடினார். திரும்பி வந்து, பிளக்கைப் பிடுங்கியாயிற்றா என்று பார்த்தார். நம்பிக்கை வராமல் மறுபடியும் பார்த்தார். தடியாக ஒரு செம்புச் சுருள். சிவப்பு ஒயர், நீல ஒயர், எதற்கென்றே தெரியாத ஒரு மஞ்சள் ஒயர். எதைத் தொட்டால் எது வெடிக்குமோ! தூசியை மட்டும் ஊதினார். பிறகு பிளக்கைச் செருகிவிட்டு, ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறி நின்று, துடைப்பக் கட்டையால் சுவிட்சைத் தட்டினார்.

ஒன்றும் ஆகவில்லை. ஃப்ரிட்ஜ் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. அவர் நெற்றியிலும் கசிந்தது.

ஐயோ, சாயங்காலம் ஆகப்போகிறதே! கடைக்கு ஓடினார். அதே மாதிரி ஒன்றை வாங்கித் துண்டில் சுற்றி, திருடனைப் போலப் பின்வாசல் வழியாக நுழைந்தார். பளபளக்கும் புது மூடி காட்டிக்கொடுத்துவிடும். பழைய மூடியில்தான் மகள் ஒட்டிய கிளி ஸ்டிக்கர் இருந்தது. மூடிகளை மாற்றிப் பூட்டினார். கிளி புதுசின் மேல் ஏறியது. பழசு புது மூடியைப் போட்டுக்கொண்டு, பரணில் கம்பளிக்கு அடியில் போய்ப் படுத்தது. அவர் ஆயுசில் கழற்றிப் பூட்டியதில் ஒழுங்காகப் பொருந்தியவை அந்த இரண்டு மூடிகள்தான்.

மனைவி வந்தாள். "அட, ஓடுதே! என்னங்க கோளாறு?"

"உள்ள... ஒரு சுருள்... சுருண்டுடுச்சு."

"அடேங்கப்பா! நேராக்கிட்டீங்களா?"

"லேசா."

அவள் கிளியைத் தடவிப் பார்த்தாள். பிறகு பரண் பக்கம் போனாள். அவர் ஏறிய ஸ்டூல் இன்னும் அதற்குக் கீழேயே நின்றது. பாவி, அதை எடுக்க மறந்திருந்தார்.

"எ... எங்க ஏறறே?"

"கம்பளி எடுக்க."

"இப்ப என்ன குளிரா?"

"உங்களுக்கு நடுங்குதே!"

கம்பளி வரவில்லை. ஸ்டெபிலைசர்தான் வந்தது. அதை அவர் எதிரிலேயே வைத்துவிட்டு, அவள் கடுகு டப்பாவைத் திறந்து, விரலால் துழாவி, சின்னதாக ஒரு கண்ணாடி பியூஸை எடுத்தாள். ஸ்டெபிலைசரின் முதுகில் இருந்த வட்ட மூடியைத் திருகி, உள்ளே போட்டு, பிளக்கைச் செருகினாள். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"காலையில நான்தான் கழட்டி வெச்சேன். பியூஸைப் பாருங்கன்னு வாயால சொல்லவும் செஞ்சேன். நீங்கதான் சர்க்யூட்டுக்குப் போயிட்டீங்க."

புது மூடி போட்ட பழசை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் வாஷிங் மெஷின் பக்கம் நடந்தாள். போகிற போக்கில் திருப்புளியை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"சபதத்துல ஜெயிச்சுட்டீங்க, வெச்சுக்குங்க. அப்படியே டிவிக்கும் ஒண்ணு ரிப்பேர் பண்ணிடுங்க."